முன்னாள் வீரர் பகுதிநேரப் பணிக்குத் திரும்ப: அமெரிக்க ரிசர்வ், நேஷனல் கார்டு பற்றிய வழிகாட்டி

அமெரிக்கப் படையில் சில ஆண்டுகள் முழுநேரம் பணியாற்றி முறைப்படி விடுவிக்கப்பட்டு, இப்போது வேறு வேலையும் குடும்பமுமாக இருக்கும் ஒருவர், பொதுவாக மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு வாரமும் மட்டும் சீருடை அணியும் பகுதிநேரப் பணிக்கு, அதாவது ரிசர்வ் அல்லது நேஷனல் கார்டு (சுருக்கமாகக் ‘கார்டு’) என்னும் பகுதிநேரப் படைக்குத் திரும்ப முடியும். அதற்கான வழி திறந்தே இருக்கிறது. ஆனால் புதிதாகச் சேரும் பதினெட்டு வயது இளைஞருக்கு உள்ள நேர்வழி அல்ல அது. முன்பு செய்த பணி, பெற்ற பதவி, உடலில் ஏற்பட்ட காயம், வாங்கும் இழப்பீடு எல்லாம் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் வேறுவேறு வழியாகக் கிளைத்துப் போகிறது.

தமிழர்களுக்கு இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பசுமை அட்டை இல்லாமல் விசாவில் இருந்தவர்களையும் மொழித்திறனுக்காகவும் மருத்துவத் திறனுக்காகவும் சேர்த்துக்கொண்ட ‘மாவ்னி’ திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2009-இல் ஆள் எடுக்கத் தொடங்கிய அந்தத் திட்டம் 2016-இல் நிறுத்தப்பட்டது. அவ்வழியில் சேர்ந்து குடியுரிமை பெற்று, ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறியவர்கள் இன்று முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள். திரும்பிப் போகலாமா என்ற எண்ணம் வரும் வயதும் இதுவே. இங்கே சொல்வது பெரும்பாலும் தரைப்படையை வைத்துச் சொல்வது. கடற்படை, விமானப்படை, மரைன், கடலோரக் காவல்படை ரிசர்வுகளிலும் அடிப்படை ஒன்றுதான், படிவங்களும் பெயர்களும் மாறும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உங்கள் முன்பணி எழுத்தில் இருக்கும் அளவுக்கு மட்டுமே செல்லும். பதவி, சம்பளக் கணக்கில் சேரும் ஆண்டுகள், ஓய்வூதியப் புள்ளிகள், பயிற்சி விலக்கு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு காகிதத்தைச் சார்ந்து நிற்கிறது. அந்தக் காகிதம் கையில் இல்லையென்றால், நீங்கள் செய்த பணி உண்மையாகவே இருந்தாலும் அலுவலகத்தின் கண்ணில் அது நடக்காததுதான்.

உங்கள் இன்றைய நிலை

முதலில், நீங்கள் உண்மையிலேயே படையைவிட்டு முழுமையாக வெளியேறிவிட்டீர்களா என்று பார்க்க வேண்டும். முதன்முறை சேரும் ஒவ்வொருவரும் பொதுவாக மொத்தம் எட்டு ஆண்டுக் கடப்பாட்டில் கையெழுத்திடுகிறார்கள். நான்கு ஆண்டு முழுநேரப் பணி முடிந்து வீடு திரும்பியவருக்கு மீதி நான்கு ஆண்டுகள் ‘ஐஆர்ஆர்’ எனப்படும் தனிநபர் ரிசர்வில் கழிகின்றன. அதில் ‘டிரில்’ எனப்படும் மாதாந்திர வார இறுதிப் பயிற்சி இல்லை, மாதச் சம்பளம் இல்லை. முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும், நாடு அழைத்தால் வர வேண்டும், அவ்வளவே. இதை மறந்துவிட்டுத் தாம் முழுக்க விடுபட்டுவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

நீங்கள் இன்னும் ஐஆர்ஆரில் இருந்தால் புதிதாக ஆள்சேர்ப்பு நடப்பதில்லை. ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றம் மட்டுமே நடக்கிறது. ஆர்மி ரிசர்வைப் பொறுத்தவரை இந்த மாற்றத்தைச் செய்து தருபவர் தெருமுனை அலுவலகத்து ரிக்ரூட்டர் அல்லர். ரிசர்வின் ‘கேரியர் கவுன்சிலர்’. கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளத் தலைமையகம் ஐஆர்ஆர் பதிவுகளை வைத்திருக்கிறது. உடல்தகுதிச் சோதனையும் இவ்வழியில் பெரும்பாலும் எளிதாக முடியும். எட்டு ஆண்டும் முடிந்து முழு விடுவிப்பு பெற்றவர் என்றால் ரிக்ரூட்டரிடம்தான் போக வேண்டும். ‘முன்பணி உள்ளவர்’ என்ற வகையில் விண்ணப்பம் புதிதாகத் தொடங்கும். ஏற்கெனவே ஒரு ரிசர்வ் அல்லது கார்டு பிரிவில் இருந்துகொண்டு வேறொன்றுக்கு மாற விரும்புவோர், இருக்கும் பிரிவின் ஒப்புதலை டிடி 368 என்ற படிவத்தில் பெற்றாக வேண்டும்.

வயதைப் பற்றிய அச்சம் பலருக்குத் தேவையற்றது. முன்பணி உள்ளவர்களுக்கு, கணக்கில் சேரும் பணி ஆண்டுகளை உண்மை வயதிலிருந்து கழித்து, வரும் எண்ணையே அன்றைய வரம்போடு ஒப்பிடுகிறார்கள். நாற்பத்து மூன்று வயதுக்காரர் ஒன்பது ஆண்டு பணி செய்திருந்தால் முப்பத்து நான்கு என்ற எண்ணோடு போய் நிற்கிறார். வரம்பு அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் அதைக் கேட்டறியுங்கள். ஆனால் வயதாகிவிட்டது என்று நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள்.

காகிதங்களைச் சேர்த்தல்

ரிக்ரூட்டரை அழைப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை இது. முதலாவதும் முக்கியமானதும் டிடி 214, அதாவது விடுவிப்புச் சான்று. இதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு: அந்தச் சான்றில் சுருக்கமான பிரதி ஒன்றும் முழுமையான பிரதி ஒன்றும் இருக்கின்றன. ‘மெம்பர் 1’ என்று அடியில் அச்சிட்ட சுருக்கப் பிரதியில், விடுவிப்பின் தன்மையும் மறுசேர்க்கைக் குறியீடும் இருக்காது. ‘மெம்பர் 4’ பிரதிதான் உங்களுக்குத் தேவை. கடைத் தள்ளுபடிக்குச் சுருக்கப் பிரதியையே காட்டிப் பழகியவர்கள் அதையே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

முழுப் பிரதி கையில் வந்ததும் கீழ்ப்பகுதியை நிதானமாகப் படியுங்கள். 24-ஆம் கட்டத்தில் விடுவிப்பின் தன்மை இருக்கும். ‘ஹானரபிள்’ என்று இருந்தால் கவலை இல்லை. 26-இல் விடுவிப்புக் குறியீடு, 27-இல் மறுசேர்க்கைக் குறியீடு, 28-இல் விடுவிப்பின் காரணம். இருபத்தேழாம் கட்டத்தில் 1 என்ற எண் இருந்தால் வழி திறந்திருக்கிறது. 3 என்றால் விலக்கு வாங்கித்தான் சேர முடியும். எதனால் 3 வந்தது என்பதைப் பொறுத்து அந்த விலக்கு எளிதாகவும் இருக்கும், கடினமாகவும் இருக்கும். 4 என்றால் சாதாரண வழி மூடியிருக்கிறது. இந்த ஒற்றை இலக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் ரிக்ரூட்டரோடு பல வாரம் பேசுவதில் பயன் இல்லை.

12-ஆம் கட்டத்தில் உங்கள் பணிக்காலம் ஆண்டு, மாதம், நாள் கணக்கில் இருக்கும். அதை உங்கள் பழைய ஆணைகளோடு ஒத்துப்பாருங்கள். பெற்ற பயிற்சிகளும் பதக்கங்களும் விடுபட்டிருந்தால் இப்போதே திருத்தம் கேட்பது நல்லது. சான்று தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். முன்னாள் வீரர் தம் விடுவிப்புச் சான்றைக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. ‘மில்கனெக்ட்’ தளத்திலும் கோரலாம். நேஷனல் கார்டில் முன்பு இருந்தவர்களுக்கு இதற்கு இணையான சான்று என்ஜிபி 22.

இதனோடு பதவி உயர்வு ஆணைகள், தொழிற்பயிற்சிப் பள்ளிகளின் சான்றுகள், கடைசி சம்பளச் சீட்டு, மருத்துவக் கோப்பு, விஏ எனப்படும் முன்னாள் வீரர் நலத் துறையின் இழப்பீடு வாங்குபவர் என்றால் அதன் தீர்ப்புக் கடிதம், குடியுரிமைச் சான்று, திருமண மற்றும் குழந்தைகளின் பிறப்புச் சான்றுகள் ஆகியவற்றையும் சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். தமிழில் அச்சிட்ட பிறப்பு, திருமணச் சான்றுகளுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். குடும்பத்தினரைப் பயன்களில் சேர்க்கும்போது இது இல்லாமல் தடங்கல் வரும்.

ரிசர்வா, கார்டா, எந்த யூனிட்டா

ரிசர்வ் முழுக்க முழுக்கக் கூட்டரசின் படை. நேஷனல் கார்டு இரு தலைமை உடையது. சாதாரண நாளில் மாநில ஆளுநரின் கீழும், கூட்டரசு அழைக்கும்போது அதிபரின் கீழும் இயங்குவது. ஐம்பது மாநிலங்களோடு போர்ட்டோ ரிக்கோ, குவாம், வர்ஜின் தீவுகள், தலைநகர் வாஷிங்டன் எனச் சேர்த்து ஐம்பத்து நான்கு கார்டு அமைப்புகள் உள்ளன. ஆர்மி ரிசர்வில் மருத்துவம், தளவாடம், தகவல்தொடர்பு, பொறியியல், சிவில் விவகாரம் போன்ற துணைப்பணிகளே பெரும்பகுதி. காலாட்படை, கவசப்படை, பீரங்கிப்படை போன்ற போர்ப்பிரிவுகள் பெரும்பாலும் கார்டில்தான். ஆகவே காலாட்படைக்காரராக இருந்தவர் அதே தொழிலைத் தொடர விரும்பினால் கார்டின் பக்கமே பார்க்க நேரிடும்.

கார்டில் சேருவோர் தெரிந்துகொள்ள வேண்டியது, புயலுக்கும் காட்டுத்தீக்கும் வெள்ளத்துக்கும் ஆளுநர் அழைப்பார் என்பது. அண்டை வீட்டார் தவிக்கும்போது உதவப் போவது, என் பார்வையில், இந்தப் பணியிலேயே மிகுந்த நிறைவு தருவது. ஆனால் மாநிலச் செலவில் நடக்கும் அந்த மாநிலப் பணி நாட்கள் கூட்டரசு ஓய்வூதியப் புள்ளிகளில் சேருவதில்லை. மறுபுறம், கல்லூரிக் கட்டணத்துக்கு மாநிலமே உதவுவது கார்டில் உண்டு. எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பெரும்பாலோர் படையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, யூனிட்டை ரிக்ரூட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். நான் வலியுறுத்திச் சொல்வது இதற்கு நேர் எதிரானது: யூனிட்டை முதலில் தேடுங்கள். பகுதிநேர வீரரின் வாழ்க்கை அவர் டிரில் செய்யும் அந்த ஒரு கட்டடத்துக்குள்தான் நடக்கிறது. முழுநேரப் பணியில் பிடிக்காத யூனிட்டிலிருந்து இரண்டு மூன்று ஆண்டில் மாற்றல் வந்துவிடும். இங்கே அப்படித் தானாக எதுவும் வராது. டிரில் இடத்துக்குப் போய்வரும் செலவு பொதுவாக உங்களுடையது, அந்த நேரத்துக்குச் சம்பளமும் இல்லை. நூற்றைம்பது மைலுக்கு அப்பாலிருந்து வருவோரில், ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்குச் சில சமயம் பயணப்படி கிடைக்கும். வெள்ளி இரவு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் ஞாயிறு இரவு திரும்பி ஓட்டி வருவது முதல் ஆண்டில் சமாளிக்கக்கூடியதாகத் தோன்றும். பிள்ளைகள் வளர வளர அதுவே பணியைவிட்டு விலகக் காரணமாகிவிடுகிறது.

எனவே வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் என்னென்ன யூனிட்டுகள் உள்ளன என்று பட்டியலிடுங்கள். கவுன்சிலரும் ரிக்ரூட்டரும் உங்கள் தொழிற்குறியீட்டையும் அஞ்சல் எண்ணையும் இட்டுக் காலியிடங்களைக் காட்டுவார்கள். பிறகு அந்த யூனிட்டின் முழுநேரப் பணியாளரைத் தொடர்புகொள்ளுங்கள். கார்டில் அவர் ‘ரெடினெஸ் என்சிஓ’, ரிசர்வில் ‘யூனிட் அட்மினிஸ்ட்ரேட்டர்’. ஒரு டிரில் வார இறுதியில் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். அங்கே போனால் யூனிட்டின் மூத்த சார்ஜன்ட்டான ஃபர்ஸ்ட் சார்ஜன்ட்டிடம் கேட்க வேண்டியவை: அடுத்த இரண்டு ஆண்டுகளில் வெளிநாட்டுக்கு அழைப்பு உண்டா, ஆண்டுப் பயிற்சி எந்த மாதத்தில், டிரில் எப்போதும் இரண்டு நாள்தானா அல்லது வெள்ளி முதலே தொடங்குமா, சம்பளம் தாமதமின்றி வருகிறதா. கூடவே நடப்பதைக் கவனியுங்கள். சனிக்கிழமை காலை அணிவகுப்பு முடிந்தவுடன் சார்ஜன்ட்டுகள் தம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வண்டிக்கூடத்துக்கோ வகுப்புக்கோ போகிறார்களா, அல்லது எல்லோரும் மதியம்வரை மடக்கு நாற்காலிகளில் அமர்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? உங்கள் எதிர்வரும் ஆண்டுகள் எப்படிப் போகும் என்பதற்கு அந்த ஒரு காலை போதுமான சான்று.

உடல்தகுதியும் விஏ இழப்பீடும்

இந்த வழிகாட்டியில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

முழு விடுவிப்பு பெற்றவர் ‘மெப்ஸ்’ என்னும் சேர்க்கை நிலையத்தில் மருத்துவச் சோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முன் உடல்நல வரலாற்றைக் கேட்கும் படிவங்களை நிரப்ப வேண்டும். 2022 முதல் மெப்ஸ் மருத்துவர்கள் ‘ஜெனிசிஸ்’ என்ற மின்னணு அமைப்பின் வழியாக உங்கள் பழைய மருத்துவப் பதிவுகளைப் பார்க்கிறார்கள். ஆகவே சேர்க்கைக்காக ஒரு நோயை மறைப்பது தவறு என்பதோடு, எளிதில் தெரிந்துவிடும் தவறும்கூட. மோசடியாகச் சேர்வது படைச்சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். உண்மையைச் சொல்லி விலக்கு கேட்டு, சில மாதம் காத்திருப்பதே சரியான வழி.

விஏ இழப்பீடு வாங்குபவர் சேரவே முடியாது என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியல்ல. இழப்பீட்டு விழுக்காடு மட்டும் யாரையும் தடுப்பதில்லை. அதற்கு அடிப்படையான உடற்குறை பணிக்குத் தடையா என்பதையே மருத்துவர் பார்க்கிறார். காது இரைச்சலுக்கும் லேசான முழங்கால் வலிக்கும் இழப்பீடு வாங்குவோர் சேர்ந்து பணியாற்றுகிறார்கள். ஆனால் உங்கள் இரண்டு கூற்றுகளும் ஒத்துப்போக வேண்டும். முதுகு வளையவே இல்லை என்று விஏவிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, முதுகில் குறையே இல்லை என்று மெப்ஸில் எழுதினால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும். இரண்டு இடத்திலும் சிக்கல் வரும். வேலை செய்யவே இயலாதவர் என்ற அடிப்படையில் முழு இழப்பீடு பெறுபவர், விண்ணப்பிப்பதற்கு முன் முன்னாள் வீரர் சேவை அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியிடம் கலந்து பேசுவது கட்டாயம் என்றே சொல்வேன்.

அடுத்தது பணம். ஒரே நாளுக்கு விஏ இழப்பீட்டையும் படைச் சம்பளத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்கான படிவம் 21-8951. ஒரு வார இறுதியில் அரைநாள் அளவிலான நான்கு டிரில்கள் இருப்பதால் அது நான்கு நாளாகக் கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்கு 48 டிரில், அதனோடு ஆண்டுப் பயிற்சி 15 நாள், ஆக மொத்தம் 63 நாள்.

கணக்காகப் பார்ப்போம். மாதம் 600 டாலர் இழப்பீடு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் முப்பது நாளுக்கு வகுத்து நாளொன்றுக்கு 20 டாலர். 63 நாளுக்கு 1,260 டாலர். உங்கள் பதவிக்கு மாத அடிப்படைச் சம்பளம் 3,600 டாலர் என்றால் ஒரு டிரில்லுக்கு அதில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது 120 டாலர். 63-க்கு 7,560 டாலர். ஆகவே 1,260 டாலரை விட்டுக்கொடுத்துச் சம்பளத்தை வைத்துக்கொள்வதே அறிவுடைமை. உயர்ந்த விழுக்காடும் தாழ்ந்த பதவியும் சேர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு சுருங்கிக்கொண்டே வரும். சிலருக்குத் தலைகீழாகவும் ஆகலாம். அவரவர் எண்ணை வைத்து அவரவரே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

இந்தத் தொகை உடனுக்குடன் பிடிக்கப்படுவதில்லை. நிதியாண்டு முடிந்த பிறகு, நீங்கள் எத்தனை நாள் பயிற்சி செய்தீர்கள் என்று விஏ ஒரு கடிதம் அனுப்பும். பதில் சொல்லாவிட்டால் இழப்பீட்டை விட்டுக்கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டு பிடித்தம் செய்யும். ஆகவே ஏறத்தாழ இரண்டு மாத இழப்பீட்டைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு வருவது நல்லது. முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டால் அந்தக் காலம் முழுவதும் இழப்பீட்டை நிறுத்தும்படி நீங்களே விஏவுக்கு எழுதிவிடுங்கள். இல்லையென்றால் வாங்கிய தொகை முழுவதும் கடனாக உங்கள் தலையில் விழும். திரும்பி வந்ததும் மீண்டும் தொடங்கும்படி எழுத வேண்டும். அது தானாகத் தொடங்காது.

பதவி, தொழில், ஒப்பந்தம்

விட்டுச் சென்ற பதவியே திரும்பக் கிடைக்குமா என்பது எத்தனை ஆண்டு வெளியே இருந்தீர்கள், அந்தப் பதவிக்கு அந்த யூனிட்டில் காலியிடம் உண்டா என்ற இரண்டையும் பொறுத்தது. ஸ்டாஃப் சார்ஜன்ட்டாக வெளியேறியவர் சார்ஜன்ட்டாகத் திரும்புவது புதிதன்று. ஏற்றுக்கொள்வதா, வேறு யூனிட்டைப் பார்ப்பதா என்று முடிவெடுக்க உங்களுக்கு நேரம் உண்டு, அவசரப்படுத்தினால் இணங்காதீர்கள்.

பழைய தொழிற்குறியீட்டிலேயே சேர்ந்தால் பயிற்சிப் பள்ளி தேவைப்படாது. வேறு தொழிலுக்கு மாறினால் சில வாரம் முதல் பல மாதம் வரை பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். அத்தனை நாள் வேலையிலிருந்து விடுப்பு எடுக்க முடியுமா என்று முன்பே பாருங்கள். மரைன் படையிலிருந்து தரைப்படைக்கு வருவோர் அடிப்படைப் பயிற்சியைத் திரும்பச் செய்வதில்லை. கடற்படை, விமானப்படைக்காரர்கள் செய்ய வேண்டி வரலாம்.

மனம் இன்னும் முழுமையாக உறுதிப்படாதவர்களுக்கு ‘ட்ரை ஒன்’ என்ற பெயரில் ஓராண்டு ஒப்பந்தம் உண்டு. ஊக்கத்தொகை எதிர்பார்க்க முடியாது. ஆனால் குடும்பமும் வேலையும் இதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு நீட்டிக்கலாம். நீண்ட நாள் வெளியே இருந்தவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். அதேபோல் முழுநேரப் பணி முடிந்த கையோடு ரிசர்வுக்கு மாறுவோருக்கு, வெளிநாட்டு அழைப்பிலிருந்து இரண்டு ஆண்டு வரை விலக்கு கிடைக்கும் வாய்ப்பு உண்டு. இதையும் கேட்டுப் பெற வேண்டும்.

ஒப்பந்தப் படிவத்தின் பெயர் டிடி 4. அதனோடு இணைப்புகள் வரும். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட பதவி, தொழிற்குறியீடு, யூனிட், ஊக்கத்தொகை, அழைப்பு விலக்கு ஆகிய ஒவ்வொன்றும் படிவத்திலோ இணைப்பிலோ அச்சில் இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். “அதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால், சேர்த்த பிறகு வருகிறேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். கையெழுத்திடும் நொடிவரை உங்களைப் பிடித்து நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

இரகசியத் தகவல் அனுமதி தேவைப்படும் பணியாக இருந்து, விடுபட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் பழைய அனுமதி செல்லாது. எஸ்எஃப் 86 படிவத்தைப் புதிதாக நிரப்ப வேண்டும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள பெற்றோர், உடன்பிறந்தார், அங்கே உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, நிலம், வீடு, சென்று வந்த பயணங்கள் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். வெளிநாட்டில் உறவினர் இருப்பது குற்றம் அன்று, அதை எழுதாமல் விடுவதுதான் சந்தேகத்தைக் கிளப்புவது. பரம்பரை நிலத்தில் உங்கள் பங்கு என்ன என்பதை ஊருக்குப் பேசி இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

படைப்பணி வழியாகக் குடியுரிமை பெற்றவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். போர்க்காலப் பணி அடிப்படையில் குடியுரிமை பெற்றவர், மொத்தம் ஐந்து ஆண்டு நற்பணி முடிப்பதற்குள் இழிவான தன்மையில் விடுவிக்கப்பட்டால், அந்தக் குடியுரிமையைப் பறிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஐந்து ஆண்டு நிறையாத நிலையில் திரும்புபவர் வருகைப்பதிவை மிகக் கண்டிப்பாகப் பேண வேண்டும்.

வேலை கொடுப்பவரும் வீட்டாரும்

1994-இல் இயற்றப்பட்ட ‘யூசெரா’ சட்டம் படைப்பணிக்குப் போகும் ஊழியரின் வேலையைக் காக்கிறது. பத்துப் பேர் உள்ள சிறு கடைக்கும் பெரிய நிறுவனத்துக்கும் இது ஒன்றே. நீங்கள் செய்ய வேண்டியவை: முடிந்தவரை முன்கூட்டித் தெரிவிப்பது, உரிய காலத்தில் திரும்புவது. முப்பது நாள்வரையான பணி என்றால், வீடு வந்து சேர்ந்து எட்டு மணி நேர ஓய்வுக்குப் பின் வரும் அடுத்த வேலைநாளில் போய் நிற்க வேண்டும். 31 முதல் 180 நாள்வரை என்றால் 14 நாளுக்குள்ளும், அதற்கும் மேல் என்றால் 90 நாளுக்குள்ளும் வேலைக்குத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. நிறுவனத்தின் கொள்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுமைக்குமான டிரில் அட்டவணை கையில் வந்த அன்றே மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். சச்சரவு எழுந்தால் ‘இஎஸ்ஜிஆர்’ என்னும் பாதுகாப்புத் துறை அமைப்பு கட்டணமின்றிச் சமரசம் பேசும்.

வீட்டில் பேசும்போது வார இறுதிகளை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஓராண்டு வெளிநாட்டுக்கு அழைப்பு வரக்கூடும் என்பதையும், அப்போது பிள்ளைகளை யார் பார்ப்பது, ஊரிலிருந்து பெற்றோர் வர விசா கிடைக்குமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.

என்ன கிடைக்கும்

பழைய பணி ஆண்டுகள் சம்பள விகிதத்தில் சேரும். ‘டிரைகேர் ரிசர்வ் செலக்ட்’ மருத்துவக் காப்பீட்டுக்கு 2025-இல் மாதத் தவணை தனியாளுக்கு 53.80 டாலர், குடும்பத்துக்கு 274.48 டாலராக இருந்தது. சொந்தத் தொழில் செய்வோருக்கும் நிறுவனக் காப்பீடு இல்லாதவர்களுக்கும் இதுவே திரும்பி வருவதற்குப் போதுமான காரணம். கூட்டரசு ஊழியர் காப்பீட்டுக்குத் தகுதியுள்ளவர்கள் மட்டும் 2030 வரை இதில் சேர முடியாது. ஆயுள் காப்பீடு 5 லட்சம் டாலர்வரை உண்டு.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எண்ணுவோர் கவனிக்க: 9/11-க்குப் பிந்தைய ‘ஜிஐ பில்’ என்னும் கல்வி உதவிப் பயனைப் பணியில் இருக்கும்போதுதான் பிள்ளைகளுக்கு மாற்ற முடியும். மாற்றாமலே வெளியேறிவிட்டவர், ரிசர்விலோ கார்டிலோ சேர்ந்து, மொத்தம் ஆறு ஆண்டு பணி முடித்து, மேலும் நான்கு ஆண்டுக்கு ஒப்புக்கொண்டால் அந்த வாய்ப்பு திரும்பக் கிடைக்கிறது.

ஓய்வூதியத்துக்கு இருபது நல்ல ஆண்டுகள் வேண்டும். ஐம்பது புள்ளியாவது சேர்ந்த ஆண்டே நல்ல ஆண்டு. உறுப்பினராக இருப்பதற்கே 15, டிரில்லுக்கு 48, ஆண்டுப் பயிற்சிக்கு 15 எனச் சாதாரணமாக 78 புள்ளி வரும். முழுநேரப் பணியில் நாளுக்கு ஒன்று. நான்கு ஆண்டு முழுநேரமும் பதினாறு ஆண்டு ரிசர்வும் செய்தவருக்கு 1,461-உம் 1,248-உம் சேர்ந்து 2,709 புள்ளி. அதை 360-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஏழரை ஆண்டு. பழைய முறையில் ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு என்று அடிப்படைச் சம்பளத்தில் 18.8 விழுக்காடும், 2018-இல் வந்த கலப்பு முறையில் 15 விழுக்காடும் கிடைக்கும். அறுபது வயதில் தொடங்கும். 2008 ஜனவரி 28-க்குப் பின் செய்த தகுதியுள்ள முழுநேரப் பணியில் ஒவ்வொரு 90 நாளுக்கும் மூன்று மாதம் முன்னதாகத் தொடங்கும்.

முதல் ஆண்டு

முதல் டிரில்லுக்கு முன்பே ஓடத் தொடங்குங்கள். 2025 ஜூன் முதல் தரைப்படையின் உடற்தேர்வில் எடைதூக்கல், கை எடுத்து வைக்கும் தண்டால், ஓடி இழுத்துச் சுமக்கும் சுற்று, பிளாங்க், இரண்டு மைல் ஓட்டம் என ஐந்து அங்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் குறைந்தது 60 மதிப்பெண் வேண்டும். பழைய மூன்று அங்கத் தேர்வோடு வெளியேறியவர்களுக்கு எடைதூக்கல் புதிது. முறை தெரியாமல் தூக்கினால் இடுப்பு போய்விடும், யாரிடமாவது கற்றுக்கொள்ளுங்கள்.

முதல் டிரில்லில் அடையாள அட்டை, குடும்பப் பதிவு, சம்பளக் கணக்கு, காப்பீட்டு வாரிசுப் படிவம், சீருடை ஆகியவற்றைக் கேட்டுக் கேட்டு முடியுங்கள். சம்பளச் சீட்டு வந்ததும் பணிக்காலத் தொடக்க நாள் சரியாக உள்ளதா என்று பாருங்கள். பழைய ஆண்டுகள் விட்டுப்போயிருந்தால் புதியவருக்குரிய சம்பளமே வரும், டிடி 214-இன் பிரதியைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். வர முடியாத டிரில்லுக்கு முன்னரே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஓராண்டில் அனுமதியின்றி ஒன்பது டிரில் தவறினால், அதாவது இரண்டு வார இறுதியும் கூட ஒரு டிரில்லும் தவறினால், பங்கேற்பு நிறைவற்றது என்று பதிவாகி நடவடிக்கை வரும்.

ஓராண்டு நிறைந்ததும் ஓய்வூதியப் புள்ளிப் பட்டியலை (ஆர்மி ரிசர்வில் டிஏ 5016) எடுத்துப் பாருங்கள். முழுநேரப் பணியாற்றிய நாட்கள் எல்லாம் முதல் வரிகளில் ஏறியிருக்க வேண்டும். இந்த ஆண்டின் டிரில்களும் பயிற்சி நாட்களும் உங்கள் சம்பளச் சீட்டுகளோடு எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். குறைந்திருந்தால் சீட்டுகளின் நகலோடு யூனிட் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, திருத்திய பட்டியல் வரும்வரை ஒவ்வொரு டிரில்லிலும் கேளுங்கள்.